‘அம்மா’ எங்கே போனாள்?

மதுரை கே.கே. நகரில் ஒரு டி.டி.பி. கடை. பெரியவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் தாயார் சொன்ன ஊர்க்கதைகளை இருபது ஆண்டுகளுக்கு முன் கணிப்பொறியில் தட்டச்சு செய்து, குறுந்தகட்டில் பதிந்து வைத்திருந்தார். இன்று தாயாரும் இல்லை. கையெழுத்துப் படியும் இல்லை. புதிய கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தையும் காணோம். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கின்றன. “எழுத்தெல்லாம் கெட்டுப்போச்சு ஐயா” என்கிறார் கடைக்காரர். உண்மையிலேயே கெட்டுவிட்டனவா?

எண்ணும் எழுத்தும்

கணிப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்களே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் அது சேமித்து வைக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம். அதே டோக்கனை வேறொரு வாசலில் நீட்டினால் யாருடைய செருப்போ வரும். டோக்கன் கெடவில்லை, நீட்டிய இடம்தான் தவறு.

ஆஸ்கி என்னும் பழைய எண் அட்டவணையில் இருந்தவை 128 எண்களே. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவை சரியாகப் போயின, தமிழுக்கு இடமில்லை. ஆகவே, எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். இலங்கையிலும் இங்கும் பரவிய ‘பாமினி’ எழுத்துரு அத்தகையது. அதில் ‘அம்மா’ என்பது 109, 107, 59, 107, 104 என்று பதிவாகும். பாமினி இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையேல் அவை வெறும் ஆங்கில எழுத்துகளே.

இப்படி ஆளுக்கொரு அட்டவணை பெருகவே, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு பொதுவான முறைகளை வகுக்க முயன்றது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991-லேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. அதில் ‘அம்மா’ 2949, 2990, 3021, 2990, 3006. இந்த எண்கள் வேறு எந்த மொழிக்கும் இல்லை.

சீனர்கள் பட்ட பாடு

இத்தொல்லை நமக்கு மட்டுமன்று. சீன அரசு 1980-இல் வகுத்த அட்டவணையில் 6,763 சீன எழுத்துகள் இருந்தன. தைவானில் 1984-இல் வேறோர் அட்டவணை எழுந்தது. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் பொருளற்ற குப்பைதான்!

தட்டச்சிலும் சிக்கல் உண்டு. ஆயிரக்கணக்கான விசைகள் வைக்க முடியுமா? ஆகவே விசைப்பலகைக்கும் மென்பொருளுக்கும் நடுவே ‘உள்ளீட்டு முறை’ என்னும் இடையாள் ஒருவன் நிற்கிறான். ‘மா’ என்னும் ஒலியை ரோமன் எழுத்தில் அடித்தால், தாய், குதிரை முதலிய பொருளுள்ள எழுத்துகளை வரிசையாகக் காட்டுவான், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். சில மென்பொருள்கள் இவனுக்காகக் காத்திராமல் விசைகளைத் தாமே பறித்துக்கொள்கின்றன. அப்போது ரோமன் எழுத்துகளே விழும்.

நமது 247 எழுத்துகளுக்கும் இதே ஏற்பாடுதான். தமிழ்99 பலகையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியை வைப்பவன் இடையாளே.

நோயறிந்து மருந்து

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். ஒருங்குறித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பழைய அட்டவணை. உரிய பழைய எழுத்துருவை இட்டுப் படித்துப் பார்த்து, பிறகு எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். பாமினியில் ‘கொ’ கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலாகப் பதிவாகும். ஒருங்குறியில் ககரமே முதல். அந்த வரிசையையும் மாற்றியே திருத்திவிடும். ஆனால், இடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் குழம்பும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

தட்டும்போது தமிழ் வரவில்லையானால் சாதாரண எழுத்துத்தொகுப்பியில் தட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் குறை மென்பொருளில். அதன் புதிய பதிப்பைத் தேட வேண்டும். அங்கும் வரவில்லையானால் தமிழ்ப் பலகை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

எல்லாம் கேள்விக்குறியாக இருந்தால்? தமிழுக்கு இடமில்லாத அட்டவணையில் யாரோ சேமித்து, எல்லா எண்களையும் 63 ஆக்கிவிட்டனர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இது ஒன்றுதான் மீளாத இழப்பு. எனவே எதைச் செய்யுமுன்னும் மூலக் கோப்பைப் படியெடுத்து வையுங்கள்.

கே.கே. நகர்ப் பெரியவரின் கோப்பில் இருப்பது இரண்டாவது வகைக் கோளாறு. பாமினியை நிறுவியதும் ‘அம்மா’ திரும்பி வந்துவிடுவாள். அவள் எங்கும் போகவில்லை; ஐந்து எண்களாக உள்ளேயேதான் இருந்தாள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய குறுந்தகடு இருக்கிறதா? எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.