ஆணியில் தொங்கும் பெல்ட்

உடன்குடிப் பக்கம் ஒரு விடிலி, பதநீர் காய்ச்சும் குடிசை. அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பனந்தூணில் அடித்த ஆணியில், சுண்ணாம்புக் குடுவைக்குப் பக்கத்தில், ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு பெல்ட் ஒன்று தொங்கியது. ஏதோ பயிற்சி முகாமில் கொடுத்தது. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறதாம். பக்கிளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூட முழுதாகக் கிழிபடவில்லை.

“போட்டுப் பாத்தீங்களா அண்ணாச்சி?”

“ஒரு நா போட்டேன் தம்பி. தொடைல ரெண்டு பக்கமும் தோலு உரிஞ்சிட்டு. நாப்பது பனை. காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா. எத்தன தடவ மாட்டிக் கழட்ட? அதுக்குள்ள பாளை காஞ்சு போயிரும்.”

அவர் அப்பாவிடம் பெல்ட் இருந்ததில்லை. காலில் மாட்டும் தளை இருந்தது. குமரிப் பக்கம் அதைத் திளாப்பு என்பார்கள். நெஞ்சு மரத்தில் உரசாமலிருக்க ஒரு தோல், இடுப்பில் அரிவாள்பெட்டி, தொற்றிக்கொள்ள முருக்குத்தடி. இவை எல்லாம் ஏறுவதற்கான கருவிகள். கை நழுவினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அறுபதடி உயரத்திலிருந்து தரைக்கு வர இரண்டு விநாடி ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

விழுந்த பிறகு ஊரும் உரிமையாளரும் சில நேரம் மருத்துவமனையும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “பெல்ட் போடலியே.” குற்றம் முழுக்க விழுந்தவர் தலையில் ஏறிவிடுகிறது. அந்த பெல்ட் அவர் உடம்புக்குப் பொருந்தியதா என்று யாரும் கேட்பதில்லை. செருப்பு கடித்தால் வேறு அளவு வாங்குகிறோம். உயிரைத் தாங்கும் பட்டை கடித்தால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை, மரத்தோடு சாய்ந்து நின்று இரு கைகளாலும் வேலை செய்ய உதவுவது. விழுபவரைத் தாங்க அது செய்யப்படவில்லை. அதில் விழுந்தால் மொத்த அடியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். விழுவதைத் தாங்க தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். தையலோடு சேர்ந்த சீட்டில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண்ணையும், தாங்கும் எடையையும் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 கிலோ என்று இருக்கும். அரிவாள், கலயம், நிறைந்த குடுவை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. சீட்டே இல்லாமல் கடையில் கிடைப்பது வெறும் நாடா.

அண்ணாச்சியின் பெல்ட்டை அன்று மாலை இறக்கி, விடிலிக்கு வெளியே ஒரு வேப்பங்கிளையில் கொக்கியை மாட்டினோம். கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பெல்ட்டைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் எந்த பெல்ட்டும் பொருந்தும். அதன் குணம் தொங்கினால்தான் தெரியும். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு சில நிமிடம் தொங்கிப் பாருங்கள். கால் மரத்தால், மூச்சு முட்டினால் உடனே இறங்கிவிடுங்கள்.

இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் விளிம்புக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். அண்ணாச்சி கைலியின் முடிச்சுக்குக் கீழே கட்டியிருந்தார். தொங்கியதும் முடிச்சு வயிற்றில் குத்தியது, பட்டை மார்புக்கு ஏறியது. கைலியைத் தார்பாய்ச்சிக் கட்டும் பழக்கம் இங்கே பெரிய சிக்கல். சுருண்ட துணி பட்டைக்கு அடியில் கயிறு போல் ஆகிவிடுகிறது. தடித்த தையல் இல்லாத, முழங்கால் வரை வரும் அரைக்கால்சட்டை ஒன்று போட்டாலே தொடை உரிவது பாதி குறையும். பையில் சில்லறையோ போனோ இருக்கக் கூடாது.

கட்டிய பிறகு இடுப்புப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. தொடைப் பட்டையில் இரண்டு விரல். இறுக்கினால் கால் மரக்கும். தளர்த்தினால் ஏறும்போது சுகமாகத்தான் இருக்கும்; விழும் நேரத்தில் பட்டை நடுவே நழுவி விதைப்பையை நசுக்கும். வெட்கப்பட்டு யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்: தொடைப் பட்டையை மாட்டியதும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்று ஏறும் பெண்களுக்குச் சிக்கல் மார்புப் பட்டையில் வரும். தோள் பட்டைகளை ஒருசேர நீட்டிச் சுருக்கி, மார்புப் பட்டை எங்கே உட்கார்ந்தால் அழுத்தாது என்று தொங்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அளவு சரியானதும் பக்கிள் நிற்கும் இடத்தில் பட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு நூலை முடிந்தோம். மறுநாள் விடியற்காலை இருட்டில் அதே இடத்துக்கு இழுத்தால் போதும். மார்க்கர் பேனாவால் கோடு போடாதீர்கள்; அந்த மை சில நாடாக்களை அரிக்கும். பக்கிளைத் தாண்டி நான்கு விரல் அகலமாவது நாடா மிச்சம் இருக்க வேண்டும்.

மெத்தை வைக்கலாமா? தாராளமாக. பழைய போர்வையை மடித்து, துணி உறைக்குள் போட்டு, பட்டையின் மேல் நழுவாமல் சுற்றிக் கட்டுங்கள். ஆனால் எடை தாங்கும் நாடாவில் ஊசி படக் கூடாது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு தையல் போடுவது, நீளமாக இருக்கிறதென்று வெட்டி நுனியைத் தீயில் காட்டுவது, கூடுதல் கொக்கிக்காகச் சூடான கம்பியால் ஓட்டை போடுவது, சுருக்க முடிச்சுப் போடுவது, இந்த நாலையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்தவர்கள் எல்லோரும் கைவேலை தெரிந்தவர்கள்தான். நாடாவின் பலம் அதன் இழைகள் அறுபடாமல் ஓடுவதில் இருக்கிறது. கைத்திறமைக்கு அங்கே வேலையில்லை.

அந்த ஆணி இருந்த இடமும் சரியில்லை. அடுப்புச் சூடும் புகையும் நாடாவைக் கெடுக்கும். வெயிலும் அப்படியே. பனையேறிக்கு மட்டுமே உள்ள இன்னொரு பகை சுண்ணாம்பு. கலயத்தில் தடவும் ஈரச் சுண்ணாம்பு கடும் காரம். பாலியெஸ்டர் நாடாவுக்குக் காரம் ஆகாது. நைலானுக்கு அமிலம் ஆகாது, எனவே வண்டி பேட்டரிக்குப் பக்கத்தில் போட்டு எடுத்துப்போவதும் தப்பு. சிந்தினால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

“இந்தக் கருக்கு மட்டை கயித்த அறுத்துராதா?” என்று அண்ணாச்சி கேட்டார். சரியான கேள்வி. பனை மட்டையின் ஓரம் ரம்பம்தான். மரத்தைச் சுற்றும் கயிறு தலைப்பகுதியில் அதில் உரசும். வெளிநாடுகளில் மரம் வெட்டுபவர்கள் இந்தக் காரணத்துக்காகவே உள்ளே எஃகுக் கம்பி ஓடும் கயிற்றைப் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்காத இடத்தில் கயிற்றின் மேல் தடித்த ரப்பர் குழாயை ஏற்றலாம், பழுத்த மட்டைகளை முதலில் கழித்துவிடலாம். குழாயை நகர்த்தி அடியில் உள்ள கயிற்றை நாள்தோறும் பார்ப்பதும் சேர்ந்தது. கயிறு எப்போதும் இடுப்புக்கு மேலே, தளர்வு இரண்டடிக்குள் இருக்கட்டும். அரிவாள்பெட்டி கயிறு மாட்டும் வளையத்துக்கு எதிர்ப்பக்கம் போகட்டும்.

கதண்டு கொட்ட வந்தால் கழற்றிக்கொண்டு இறங்க முடியாதே என்பதும் நியாயமான பயம். ஒரு கையால் விடுவிக்கும்படியான கொக்கியை வாங்கி, தரையில் கண்ணை மூடிக்கொண்டு பழகலாம். ஏறுமுன் மரத்தை நாலு பக்கமும் பார்ப்பது அதைவிட நல்லது. மின்கம்பி உரசும் மரத்தில் எந்த பெல்ட்டும் உதவாது. மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் ஏறாதீர்கள்.

பெல்ட் தாங்கிவிட்டது, ஆள் தொங்குகிறார். ஆபத்து அதோடு தீரவில்லை. அசையாமல் தொங்குபவரின் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். நினைவிருந்தால் காலை மிதித்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கயிற்றில் ஒரு வளையம் போட்டு அதில் ஏறி நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. அதனால்தான் தனியாக ஏறக் கூடாது. இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். இறக்கியவரைப் படுக்க வைக்கக் கூடாது என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அறிவுரை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. வழக்கமான முதலுதவிதான்: படுக்க வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள், 108-ஐ அழையுங்கள். தரையில் விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்காதீர்கள், முதுகுத்தண்டு அடிபட்டிருக்கலாம்.

ஒரு முறை விழுந்தவரைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி போடக் கூடாது. துண்டாக வெட்டி எறியுங்கள். விபத்து நடந்திருந்தால் மட்டும், வழக்கு முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் அட்டவணையில் பனை வகை மரங்களில் பாளை சீவுவோரைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. அக்கம்பக்கத்து வரிகளில் யானை வளர்ப்பவரும் யானை பிடிப்பவரும் வருவார்கள். எவ்வளவு பழைய சட்டம் என்பதற்கு அதுவே சாட்சி. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 நிற்கிறது. முதலாளியின் பொறுப்பும் கணக்குப் போடும் முறையும் பெரும்பாலும் அப்படியே இதற்குள் வந்திருக்கின்றன. வேலையில் இறந்தால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அது 184.17. மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 5,000-ஐப் பெருக்கி 9,20,850 ரூபாய். நிரந்தர முழு ஊனத்துக்கு ஊதியத்தில் 60 சதவீதம்.

பெல்ட் இங்கேதான் வழக்குக்குள் வருகிறது. கொடுத்த பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியதால் விபத்து நேர்ந்திருந்தால் முதலாளி பொறுப்பிலிருந்து விலகலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அது செல்லாது. கால் முறிந்து பாதி ஊனமானவரிடம்தான் அதை எடுத்து வீசுவார்கள். உரிந்த தொடையோடு நாற்பது மரம் ஏற முடியாதவரை ‘வேண்டுமென்றே ஒதுக்கினார்’ என்று சொல்வது என் பார்வையில் அநியாயம். ஆனால் அதைச் சொல்ல ஆதாரம் வேண்டும். பெல்ட் பொருந்தவில்லை என்றால் அன்றே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: “அண்ணாச்சி, நீங்க குடுத்த பெல்ட்டு தொடைய அறுக்கு, மாத்தித் தாங்க.” உரிந்த தோலின் படம் ஒன்று. நைந்த நாடாவின் படம் ஒன்று.

மரத்தை நீங்களே பாட்டத்துக்கு எடுத்திருந்தால் முதலாளி என்று யாரும் இல்லை. வீட்டுக்கு வீடு போய்த் தேங்காய் பறிப்பவருக்கும் முதலாளி யார் என்று நிரூபிப்பது கடினம். இவர்கள் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை உண்டு. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யலாம். விபத்து உதவித்தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். தென்னை ஏறுபவருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு உண்டு. கட்டணத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டும். வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா: வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

விபத்து நடந்துவிட்டால் குடும்பம் செய்யும் பெரிய தவறு, போலீஸுக்குப் பயந்து மருத்துவமனையில் “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று சொல்வது. விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. யாருடைய தோப்பில், என்ன வேலையில் விழுந்தார் என்று உள்ளபடி சொல்லுங்கள். அடுத்த தவறு ஊர்ப் பஞ்சாயத்தில் ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக்கொடுப்பது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும், நேரடியாகக் கையில் கொடுத்தால் கணக்கு தீராது. கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. கணவனை இழந்த பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி தன்னிடம் வாரிய அட்டை இருப்பதாகச் சொன்னார். எங்கே என்றேன். மதினியைப் பார்த்தார். மதினிக்குத் தெரியவில்லை. கருப்பட்டி ஊற்றும் சிரட்டைகளை ஒதுக்கி, ஓலைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியில் பெல்ட் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே அது கிடந்தது. ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.