ஹந்தானையும் விடுமுறைக் கல்வியும்



கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் சென்றால், பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றின் நான்கு மாடிக் கட்டடம் தோன்றும். 1925ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடம் 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அதே மலைத்தொடரின் மற்றொரு சரிவிலே, 1952ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பல்கலைக்கழகம் பேராதனையில் அமைந்திருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலே தேயிலை மலைகளும் லயங்களும். லயத்து வாசலில் நின்று மேகம் கலையும் நேரம் பார்த்தால் பல்கலைக்கழகம் அயல்வீடு போலத்தான். ஆனால் அந்த லயத்திற் பிறந்த பிள்ளை அங்கே மாணவனாக நுழைவதற்கு நடக்க வேண்டிய தூரம் கிலோமீற்றரால் அளக்கத்தக்கதன்று. அத்தூரத்தின் ஒரு பகுதியை விடுமுறைக் காலத்திலே கடக்க முடியுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மேல்நாடுகளிலே, சிறப்பாக அமெரிக்காவிலே, உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கோடைப் பாடசாலை என்றொரு ஏற்பாடு உண்டு. அங்கே கோடை விடுமுறை ஏறத்தாழ பத்து வாரம் நீடிக்கும். உழவர் பிள்ளைகள் வயலில் உதவுவதற்காக அந்த விடுமுறை வந்தது என்று பலர் சொல்வர், உண்மை அதுவன்று. விதைப்புக்கும் அறுவடைக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமே கை வேண்டும். ஆதலால் நாட்டுப்புறப் பள்ளிகள் பல ஒருகாலத்திற் கோடையிலும் குளிரிலும் நடந்தன. கோடையில் பள்ளியை மூடியவர்கள் வெப்பத்துக்கு அஞ்சிய நகரத்தாரே.

அந்த விடுமுறையிலே ஒரு மாணவன் தான் தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் படித்து முடிக்கலாம். அல்லது அடுத்த ஆண்டுப் பாடமொன்றை முன்னதாகவே கற்றுவிடலாம். காலையோ மாலையோ, வகுப்பறையிலோ வீட்டிலிருந்தோ, தனக்கு இயைந்த முறையிற் படிக்கவும் இக்காலத்தில் வசதி செய்திருக்கிறார்கள். இதற்கு ஆதாரமாக நிற்பது 'கிரெடிட்' என்ற கணக்கு. ஒரு பாடத்தை இத்தனை மணிநேரம் கற்றுத் தேறினால் இத்தனை கிரெடிட். போதிய கிரெடிட் சேர்ந்தால் பள்ளிப் படிப்பு நிறைவு. இக்கணக்கின் தோற்றம் வேடிக்கையானது. 1906ஆம் ஆண்டையொட்டிக் கார்னெகி மன்றம் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. எது கல்லூரி, எது கல்லூரியன்று என்று தரம் பிரிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஆண்டுக்கு 120 மணிநேர வகுப்பு ஓர் அலகு என்ற வழக்கு அதனாலேயே நிலைபெற்றது. முதியோரின் ஓய்வூதியத்துக்காக வகுத்த கணக்கு இளைஞரின் படிப்பை அளக்கும் கோலாகிவிட்டது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு நான்கு மணி என்று ஆறு வாரம் படித்தால் 120 மணிநேரம் நிறைந்துவிடும். கோடை விடுமுறைக்குள் ஒரு முழுப் பாடம் அடங்குவது இப்படித்தான்.

விடுமுறையிற் படிப்பு மறந்துபோகின்றதா என்பதையும் அங்குள்ள ஆய்வாளர் ஆராய்ந்திருக்கின்றனர். கூப்பர் என்பவரும் துணைவரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு கோடை விடுமுறையில் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு தேய்கின்றது. வாசிப்பைக் காட்டிலும் கணிதமே அதிகம் தேய்கின்றது. பால்ற்றிமோர் நகரத்தில் 1982 முதல் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்த ஆய்வொன்று, பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் செல்வர் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறுகின்றனர், விடுமுறையிலேதான் இடைவெளி விரிகின்றது என்றது. ஆயினும் 2019இல் இவற்றை மறுபரிசீலனை செய்தோர், பழைய தேர்வுகளில் மதிப்பெண் அளந்த முறையே அம்முடிவின் ஒரு பகுதியை உண்டாக்கியிருக்கலாம் என்று காட்டினர். ஆகவே அந்த எண்களைச் சத்தியவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஹந்தானையிலே பிள்ளை படித்ததை மறக்கிறதா என்பதற்கு முன்னால், அப்பிள்ளைக்கு அப்பாடத்தைக் கற்பிக்க ஆசிரியர் இருந்தாரா என்ற கேள்வி நிற்கின்றது.

இதன் வேரை அறியச் சிறிது பின்னோக்க வேண்டும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துச் சிறுவருக்குத் தாய்மொழியிற் கல்வியளிப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. கடமை ஏட்டில் இருந்தது. பாடசாலையோ பெரும்பாலும் ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமாக இருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோது, அதன் முழுப் பயன் மலையேறவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான். முப்பது ஆண்டுத் தாமதம் ஒரு தலைமுறையின் தாமதம். இன்றும் தோட்டத்துப் பள்ளிகளிற் பல ஆரம்ப வகுப்புகளுடன் நின்றுவிடுகின்றன. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்திற் கற்க விரும்பும் பிள்ளை நகரத்துக்கு இறங்கியே ஆகவேண்டும்.

நகரத்திலே விடுமுறை என்பது ஓய்வன்று. கண்டியில் விடுமுறை பிறந்தால் 'டியூட்டரி' என்று வழங்கும் தனியார் கல்வி நிலையங்களின் வாசலிலே கூட்டம் பெருகும். பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒலிபெருக்கி வைத்து ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் நடத்துவது நம் நாட்டிற் புதுமையன்று. அதை முற்றாகப் பழிக்க மாட்டேன். அங்கே படித்து முன்னேறியோர் பலர். ஆனால் கட்டணமும் பேருந்துச் செலவும் சேர்ந்தால் கொழுந்து பறிக்கும் தாயின் கூலியிற் பெரும்பங்கு கரையும். பின்வரிசையிலே இருக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கிலே தடுமாறுகிறதென்பது ஒலிபெருக்கிக்குத் தெரியாது.

நம் நாட்டில் 'கிரெடிட்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரணதரப் பரீட்சையில் 'சீ' என்ற எழுத்தாற் குறிக்கப்படும் திறமைச் சித்தியே அது. 35 புள்ளி எடுத்தாற் சாதாரண சித்தி. 50 எடுத்தால் திறமைச் சித்தி. உயர்தர வகுப்பிற் சேர ஆறு பாடங்களிற் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பது பொது விதி. 34 புள்ளி பெற்றவன் சித்தியடையாதவன். அவன் கேத்திரகணிதத்தை நன்கறிந்து அட்சரகணிதத்தில் மட்டும் இடறினான் என்ற செய்தி எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. தோட்டத்திலே நிர்ணயித்த எடை கொழுந்து பறிக்காதவர்க்கு 'அரைப் பேர்' போடுவார்கள். அது நெஞ்சை நோகச் செய்யும் வழக்கந்தான். ஆயினும் அந்த அரைப் பேராவது செக்ரோலில் ஏறும். பரீட்சையிலே அரைப் பேரும் கிடையாது.

மேற்படிப்பிலே நிலைமை மாறியிருக்கின்றது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, பரீட்சைக்கான ஆயத்தம் யாவும் அதில் அடங்கும். 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் கிரெடிட் முறையிலேயே இயங்குகின்றது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் உள்ளது. உயர்தரம் சித்தியடையாதோரும் அடிப்படைக் கற்கைநெறி வழியாக அங்கே பட்டப்படிப்பை நோக்கி நடக்கலாம். பள்ளிகளுக்கும் மொடியூல் முறையும் கிரெடிட் முறையும் வரவேண்டுமென்று 2025இல் கல்விச் சீர்திருத்தத் திட்டம் முன்வைக்கப்பட்டது. அது மலைப்பள்ளிகளை எட்டும்போது கருவிகளும் ஆசிரியரும் உடன் எட்டவேண்டும். 2020 மார்ச்சிற் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, அலைவரிசை தேடிப் பிள்ளைகளும் ஆசிரியரும் பாறை உச்சிக்கு ஏறிய காட்சியை ஊவாவிலே உலகம் கண்டது. நெகிழ்ச்சியான கல்வி என்று ஏட்டில் எழுதுவது எளிது. யார் நெகிழவேண்டும் என்பதில்தான் சிக்கல்.

சரி, ஹந்தானையில் விடுமுறை வகுப்பு ஒன்று நடத்தினால் அது எப்படியிருக்க வேண்டும்? நமக்குக் கோடை விடுமுறை கிடையாது. வழமையாக ஏப்பிரல், ஆகஸ்ட், டிசம்பர் என மூன்று விடுமுறைகள்; ஆகஸ்டை ஒட்டிக் கண்டியிற் பெரஹராவும் வரும். பெரஹரா நாட்களிற் போக்குவரத்து நெரிசலில் எந்தப் பிள்ளையும் நகரத்துக்கு இறங்கித் திரும்ப இயலாது. ஆகவே வகுப்பே மலைக்கு ஏறவேண்டும். இரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு மூன்று மணி என்றால் 30 மணிநேரம். முழுக் கணிதத்தையும் அதற்குள் முடிக்க முயல்வது வீண். பின்னம், சதவீதம், எளிய சமன்பாடு என மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளிற் புள்ளியிடாத ஒரு சிறு சோதனை வைத்து, எந்தப் பிள்ளை எங்கே நிற்கின்றதென்று கண்டு, பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழுக்களாகப் பிரிக்கலாம்.

நேரத்தைத் தீர்மானிப்பவர் ஆசிரியராக இருத்தல் தகாது. தாய்மார் பிரட்டுக்களத்துக்குப் போகும் காலைப்பொழுதிலே, மூத்த பெண்பிள்ளையே தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும். சின்னஞ்சிறுவருக்கு அடுத்த அறையில் ஓர் இடம் ஒதுக்காவிட்டால் அந்தப் பெண் வகுப்புக்கு வாராள். வராதவளைக் 'கவனமற்றவள்' என்று ஏட்டில் எழுதிவிடுவார்கள். மாலை வகுப்பாயின் இருட்டுமுன் வீடு திரும்பியாக வேண்டும்; ஹந்தானை மூடுபனியும் அட்டைக்கடியும் அறிந்தோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

கற்பிப்பவர் யார்? மலையின் மறுசரிவிலே ஆயிரக்கணக்கான மாணவர் இருக்கின்றனர். மலையகத்திலிருந்து சென்ற தமிழ் மாணவரும் அவர்களிடையே உண்டு. பரீட்சைக்கு முன்னர் ஒருநாட் கருத்தரங்கு நடத்தி வினாத்தாள் விளக்கிச் செல்வது அவர்களிடையே வழக்கமாக உள்ள நற்பணி. ஒரு நாளுக்குப் பதிலாகப் பத்து நாள், நூறு பேருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேர் என்று அதை மாற்றியமைப்பதே வேண்டுவது. அவர்களுக்கும் பல்கலைக்கழக விடுமுறை வேறு மாதத்தில் வரும் என்பது மெய்யான இடையூறு. அப்பொழுது சனி, ஞாயிறுகளிற் பத்து நாளைப் பரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இறுதியிற் பிள்ளை கையிலே ஒரு தாளாவது இருக்கவேண்டும்: 'இவள் பின்னமும் சதவீதமும் தேறியிருக்கிறாள், சமன்பாடு இன்னும் பாக்கி.' பரீட்சைத் திணைக்களம் அதை ஏற்காது. ஆனால் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கணித ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்தால், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதென்று அவருக்குத் தெரிந்துவிடும்.