பச்சைக் கீரையும் அடுக்களை ஒழுங்கும்

கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளைவிக்கும் கமக்காரர் வீடுகளில் வல்லாரைச் சம்பலும் வெள்ளரிப் பிஞ்சும் பச்சையாகவே உண்ணப்படுகின்றன. இது நன்றே, வேகவைப்பின் உயிர்ச்சத்து 'சி' பெரிதும் அழியும். ஆயினும் அடுப்பின் வெப்பத்தில் மடியும் கிருமிகள் பச்சையுணவில் உயிரோடிருக்கும். சிறுவரின் வயிற்றோட்டத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்னாரில் மீன் நுழையாத அடுக்களை ஏது? மீன் வெட்டிய கத்தியாலேயே கீரையையும் அரிவதே பெருந்தவறு. கீரைக்கெனத் தனிக் கத்தியும் பலகையும் வைத்தல் வேண்டும். வல்லாரை நிலத்தோடு படர்வது; இலையிலையாகப் பிரித்து, நீரை மாற்றி மும்முறை அலசி, கொதித்தாறிய நீரில் இறுதியாகக் கழுவுக. உப்புநீர் புழுக்களை அகற்றும். கிருமிகளை முற்றும் கொல்லாது.

காய்களைக் காக்கப் பெரிய மட்பானைக்குள் சிறுபானையை இருத்தி, இடையே ஈரமணல் இட்டு, ஈரத்துணியால் மூடுக. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நன்கு குளிரும். கலந்த சம்பலை மாத்திரம் அதில் வைக்காது அவ்வேளைக்கே உண்க.