குனிந்தால்தான் தெரியும்!

திருவேங்கடத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தம்பியின் எம்.ஆர்.ஐ. சிடியைப் போட்டேன். உள்ளே எல்லாம் டைகாம் ஃபைல்கள். விண்டோஸில் சாதாரணப் படம் போலத் திறக்காது. மைக்ரோடைகாம் வியூவரை இன்ஸ்டால் செய்தேன். சொந்த உபயோகத்துக்கு இலவசம்தான்.

அவனுக்கு வயது 19. வலது கை விரல்களில் பலம் குறைந்து, முன்கை மெலிந்துகொண்டே வந்தது. நேராகப் படுக்க வைத்து எடுத்த முதல் ஸ்கேனில் தண்டுவடத்தில் அழுத்தமே தெரியவில்லை. கழுத்தை முன்னால் குனிய வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர். இதுதான் டைனமிக் எம்.ஆர்.ஐ. (எக்ஸ்-ரே கதிர் கிடையாது, பயம் வேண்டாம்.)

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் நமக்கே புரிகிறது. குனிந்ததும் தண்டுவடத்தின் பின்பக்க உறை முன்னால் நகர்ந்து, தண்டுவடத்தை எலும்போடு சேர்த்து நசுக்குகிறது. ஹிராயமா நோயாம், 1959-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது.

கழுத்துக்குக் காலர் போட்டாயிற்று. மானிட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். மவுஸ் இப்போது இடது கையில்.