லாரி பேக்கரின் தேவாலயமும் நமது கரையின் வீடும்

கட்டடக்கலை பற்றி நம் ஆய்விதழ்களில் வெளிவந்தவை பெரும்பாலும் கோபுரங்களையும் அரண்மனைகளையும் பற்றியனவே. குடியிருக்கும் வீடு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. தேவாலயத்தையும் ஏழையின் வீட்டையும் ஒரே செங்கல்லால், ஒரே சிக்கன உணர்வோடு கட்டியவர் லாரி பேக்கர் (1917–2007). ஆதலின் கல்முனைக் கரையிலிருந்து அவரை நோக்குவது பயனுடையது.

பேர்மிங்ஹாமிற் பிறந்து அங்கேயே கட்டடக்கலை பயின்ற பேக்கர், குவேக்கர் சமயக் குழுவினர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்தார். நாடு திரும்பும் வழியிற் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தமை அவர் வாழ்வின் திசையை மாற்றியது. தொழுநோயாளர்க்கான இல்லங்களைக் கட்டுவதற்கென 1945இல் இந்தியா வந்தவர், 1948இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இமயமலைச் சாரலிலுள்ள பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தபோது அவ்வூர்க் கொத்தர்களும் தச்சர்களுமே அவருக்கு ஆசிரியராயினர் எனலாம். 1963இல் கேரளம் சென்றார். 1980களின் இறுதியில் இந்தியக் குடிமகனானார்.

குவேக்கரின் வழிபாட்டிற் குருவானவர் இல்லை, பலிபீடமும் இல்லை. அத்தகைய ஒருவர் திருவனந்தபுரத்து லொயோலா நிறுவனத்திற்குக் கத்தோலிக்கச் சிற்றாலயம் அமைத்தமை சுவையான முரண். 1970களின் தொடக்கத்தில் எழுந்த அக்கட்டடத்தில் உயர்ந்த இரட்டைச் செங்கற்சுவர்களை இடையிடையே துளைகள் விட்டு எழுப்பினார். வண்ணக் கண்ணாடி செய்யவேண்டிய வேலையை அத்துளைகளின் வழி வரும் ஒளி செய்கிறது. காற்றும் அவ்வழியே உலவுகிறது. சிற்பிக்குரிய கைத்திறன் இங்கே சிலையில் அன்று, சுவரில் அமைந்துள்ளது.

அவர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையிற் செங்கற்கள் படுக்க வைக்கப்படாது விளிம்பில் நிறுத்தப்படும். சுவரினுள்ளே வெற்றிடம் உண்டாவதால் செங்கற் செலவு ஏறத்தாழ 25 விழுக்காடு குறையும். வெப்பமும் எளிதில் உட்புகாது. கொங்கிறீற்றுத் தட்டின் கீழ்ப்பகுதி சுமை தாங்க உதவுவதில்லை என்பதால் அங்கே ஓடுகளைப் பதித்துச் சீமெந்தை மிச்சப்படுத்தினார். இவ்வாறு மிஞ்சிய பணம் ஆலை முதலாளியிடம் போகாமல் கொத்தனின் கூலியாயிற்று. இதுவே அவரது கட்டடக்கலையின் அரசியல்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்வது. மகளுக்கொரு வீடு கட்டுவதிலேயே பல தந்தையரின் உழைப்பு முழுவதும் கரைந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26இல் அவ்வீடுகளைக் கடல் கொண்டபின், கிழக்கின் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டது. நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியால் எழுந்த 500 வீடுகளோ, அவற்றைப் பகிர்ந்தளிப்பது பற்றிய வழக்கினாற் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. வீடு கட்டித் தருவோர் அதிற் குடியிருக்கப் போகிறவரைக் கலந்துகொள்வது அரிதாகவே இருந்தது. பேக்கரோ குடியிருப்போருடன் பேசாமல் வரைபடத்தைத் தொடுவதில்லை.

அவரது துளைச்சுவர் நம் ஊர்களுக்கு அந்நியமானதுமன்று. காற்றை உள்ளே விட்டு, தெருவின் பார்வையை வெளியே நிறுத்தும் சல்லடைச் சாளரம் இஸ்லாமியக் கட்டடக்கலையின் பழஞ்சொத்து. ஆயினும் பேக்கரின் முறை தேர்ந்த கொத்தரை வேண்டுவது. கேரளத்துச் செங்கல்லை நம்பி வளர்ந்தது. உப்புக்காற்றடிக்கும் நமது மணற்கரையிற் பூச்சில்லாச் சுவர் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை நம் கொத்தர்களே கட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.