மணிக்கு ஒரு தெரு



சென்னையில் புரசைவாக்கம் போயிருக்கிறீர்களா? துணிக்கடைகள், பாத்திரக்கடைகள், கங்காதீசுவரர் கோயில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். அப்படி ஒரு சந்தில், இரண்டாம் மாடி வீட்டில் மணி என்று ஒரு நாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடியாட அதற்குத் தோட்டம் கிடையாது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் தெருவில் நடக்கலாம், அவ்வளவுதான்.

“இந்த நெரிசலில் நாய் வளர்க்கலாமா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அதன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூக்கிலிருந்து தொடங்குவோம்.

கம்பத்தடியில் என்ன வேலை?

தெருவிளக்குக் கம்பம் வந்ததும் மணி நின்றுவிடும். “வாடா, நேரமாச்சு” என்று நாம் வாரைப் பிடித்து இழுப்போம். இனிமேல் இழுக்காதீர்கள். அதற்கு மிக முக்கியமான வேலையே அங்கேதான் நடக்கிறது.

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் 50, 60 லட்சம் இருக்கலாம். நாய்களில் சில இனங்களுக்கு அவை 30 கோடி வரை இருக்கின்றன. மூக்கின் அமைப்பும் வேறு. உங்களுக்குப் பழகிய நாயின் மூக்கை நேருக்கு நேர் பாருங்கள். ஒவ்வொரு துவாரத்தின் பக்கவாட்டிலும் கமா மாதிரி வளைந்த ஒரு கீறல் தெரியும். மோப்பம் பிடிக்கும்போது நாய் முன்பக்கமாகக் காற்றை இழுத்து, அந்தக் கீறல் வழியாகப் பக்கவாட்டில் வெளியே விடுகிறது. அதனால் வெளியே போகும் மூச்சு, தரையில் உள்ள வாசனையைக் கலைப்பதில்லை. ஒரு நொடிக்கு ஐந்து தடவைகூட இப்படி உறிஞ்சும். உள்ளே போன காற்றில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல், வாசனையை அறிவதற்கென்றே மூக்கின் பின்பகுதியில் உள்ள அறைக்குப் போய்விடுகிறது.

அந்தக் கம்பத்தில் தெரு நாய்கள் சிறுநீர் விட்டிருக்கும். அதை மோந்தே வந்தது ஆணா பெண்ணா, தெரிந்த நாயா புது நாயா, வந்து நேரமாகிவிட்டதா என்பதை மணி அறிந்துகொள்ளும். சிறிய நாய்கள் பெரிய நாய்களைவிடக் காலை இன்னும் சாய்த்துத் தூக்கி, தங்கள் அடையாளத்தை உயரத்தில் வைக்கப் பார்க்கின்றன என்பதை ஆய்வாளர்கள் வீடியோ எடுத்து அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆள் அரவமில்லாத பெரிய புல்வெளியைவிட, நூறு வாசனை குவிந்த நம் சந்தில் மணியின் மூளைக்கு வேலை அதிகம். அதற்கு அரைமணி நேரம் கிடைத்தால், பாதியை நடக்கவும் பாதியை மோந்து பார்க்கவும் விடுங்கள். இடம் குறைவான வீட்டில் வளரும் நாய்க்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

வேர்க்காத உடம்பு

வெயிலில் விளையாடினால் நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். வேர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டும்தான் இப்படிக் கொஞ்சம் வேர்க்கும். அதனால் அது நாக்கைத் தொங்கப்போட்டு வேகவேகமாக இரைக்கிறது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடம்பு குளிர்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்.

சென்னையில் ஒரு சிக்கல் உண்டு. கடலோர ஊர் என்பதால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். ஈரக் காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. எனவே எவ்வளவு இரைத்தாலும் மணிக்குச் சூடு லேசில் தணியாது. அக்னி நட்சத்திர நாட்களில் தார் ரோடு காற்றைவிட அதிகமாகக் கொதிக்கும். நமக்குச் செருப்பு இருக்கிறது, மணிக்கு இல்லை. வெளியே கிளம்பும் முன் புறங்கையை ரோட்டில் வைத்து, ஏழு எண்ணும்வரை பொறுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் மணியைக் கூட்டிப் போகாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன்பும், பொழுது சாய்ந்து ரோடு ஆறிய பிறகும் போகலாம்.

நமக்குக் கேட்காத சத்தம்

ஒலியின் அதிர்வை ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். நம் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாயின் காதுக்கு சுமார் 45,000 வரை எட்டும். ஆட்டோ ஹாரனும் பேருந்து பிரேக்கின் கிறீச்சும் மாடியில் கேட்கும் நகரத்தில், இந்தக் காதுக்கு ஓய்வே இல்லை.

குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் பயம் குறையும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை, குட்டியின் மூளை புதிய மனிதர்களையும் சத்தங்களையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடிந்திருக்காது. அதனால் தெருவில் இறக்கிவிடாமல், கையில் தூக்கி வைத்துக்கொண்டு மேளச் சத்தத்தையும் கடைத்தெருவையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். தீபாவளியன்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருங்கள். பயந்து கட்டிலடியில் ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்காதீர்கள்.

ஒரு ஊசி, ஒரு சோப்பு

நெருக்கமான தெருவில் மணி தனியாக வாழவில்லை. தெரு நாய்கள், குழந்தைகள், பூ விற்கும் பாட்டி, தள்ளுவண்டிக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். அதனால் மணியின் தடுப்பூசி எல்லோருக்கும் பாதுகாப்பு.

வெறிநோயை உண்டாக்கும் வைரஸ் நோயுள்ள விலங்கின் எச்சிலில் இருக்கும். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளைக்குப் போகும். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. ஆனால் அதற்கு முன்பே தடுக்க முடியும். 1885இல் பிரான்சில், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் உருவாக்கிய தடுப்பூசி போடப்பட்டது. அவன் பிழைத்துக்கொண்டான்.

எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அடி விழுமோ என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்!

மணிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறக்காமல் மறுபடியும் போட வேண்டும். புரசைவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அந்தக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது.

இன்னொன்று. தெருவில் மணி மலம் கழித்தால், பழைய செய்தித்தாளில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். மலத்தில் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக அவை வயிற்றுக்குள் போய்விடும்.

செய்து பாருங்கள்

மழை பெய்து வெளியே போக முடியாத நாளில், மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றின் அடியில் மட்டும் ஒரு துண்டு வேகவைத்த கேரட்டை மறைத்து, மணியை விடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் வேண்டாம், மூன்றும் நாய்க்கு விஷம். கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆயிற்று? டம்ளர்களை இடம் மாற்றினால் என்ன ஆகிறது? கேரட் இருந்த டம்ளரைக் கழுவாமல் மறுபடியும் வெறுமனே கவிழ்த்து வைத்தால் மணி ஏமாறுகிறதா? தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் நாய் இல்லாதவர்கள், தெரு நாய்கள் எந்தக் கம்பத்தில் அதிக நேரம் நிற்கின்றன என்று மாடியிலிருந்தே பார்த்து எழுதலாம்.