மலாக்காவில் விருந்தினர் நகையும் ஊரார் நகையும்

மலாக்காவுக்கு வருவோர் பெரும்பாலும் ஒரே வழியில் நடக்கின்றனர். டச்சுக்காரர் எழுப்பிய சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கின்றனர். போர்த்துக்கீசியர் கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பூவும் பொம்மையும் சுமந்து உரத்த பாட்டுடன் உருளும் பேச்சா வண்டியில் ஏறுகின்றனர். மலாக்காச் சர்க்கரை ஊற்றிய செண்டோலை அருந்திவிட்டு மாலையில் திரும்பிவிடுகின்றனர். 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து இந்நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற பின்னர் அவ்வழி இன்னும் நெரிசலாயிற்று. இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வழியில் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று. விருந்தினர் ஊராரைக் கண்டு நகுகின்றனர். ஊரார் விருந்தினரைக் கண்டு நகுகின்றனர். இவ்விரு நகைகளும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதே நம் ஆய்வு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைக்கிறார். அது தோன்றும் களங்கள் நான்கு: பிறரை இழித்து நோக்கும் எள்ளல், பிள்ளைத்தன்மையாகிய இளமை, அறிவின்மையாகிய பேதைமை, கேட்டதை அப்படியே பற்றிக்கொண்டு விடாமல் நிற்கும் மடன். உரையாசிரியராகிய பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பிரிக்கிறார். ஒருவன் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது அவன் தானே நகுவது மற்றொன்று. மாணவர்கள் இப்பகுதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகின்றனர். மலாக்காத் தமிழர் வாழ்வைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாம் பிரிவைப் போல் உதவும் கருவி வேறில்லை என்று நாம் கருதுகிறோம்.

மலாக்கா தொடக்கம் முதலே விருந்தினரால் ஆன ஊர். 1511இல் போர்த்துக்கீசியர் அதைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்து எழுதிய தோமே பிரேசு, அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறிக்கிறார். வணிகரைக் கவனிக்க நால்வர் ஷாபந்தர்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையினர் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர். இத்தகைய ஊரில் யார் ஊரார், யார் விருந்தினர் என்று கோடு கிழிப்பதே கடினம்.

இதற்குச் சிறந்த சான்று முன்ஷி அப்துல்லா. மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த அவர், அரபுக் குடியும் தமிழ்க் குடியும் கலந்த வழியில் வந்தவர். 1849இல் அச்சேறிய 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றில், சிறுவனாயிருந்தபோது தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை எழுதுகிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்குப் பார்க்கவும் வணிகரோடு உரையாடவும் அது தேவைப்பட்டது என்றும் காரணம் கூறுகிறார். நம் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் நம்ப மறுப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

பின்னர் அவர் ஆங்கிலேயருக்கும் பாதிரிமார்க்கும் மலாய் கற்பிக்கும் ஆசிரியரானார். தாம்சன் என்னும் பாதிரியார் எழுதிய மலாயில் சொற்கள் மலாயாகவும் சொற்றொடர் ஆங்கிலமாகவும் இருந்ததை அவர் விடாமல் சுட்டிக் காட்டுகிறார். திருத்தச் சொன்னால் பாதிரியார் கேட்பதில்லை. தொல்காப்பியர் சொன்ன மடன் என்னும் களத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. ஆனால் அதே அப்துல்லா 1838இல் கிளந்தானுக்குப் பயணம் போனபோது விருந்தினரானார். அப்பயண நூலில் தாம் கண்ட ஊர்களின் அழுக்கையும் சோம்பலையும் ஆட்சியின் கொடுமையையும் கடுமையாகப் பழிக்கிறார். ஊராராக இருந்தபோது விருந்தினரின் அறியாமையை நகைத்தவர், விருந்தினரானதும் நகைக்க மறந்து தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரின் ஒழுங்கைக் கையோடு கொண்டுபோய் அதைக் கொண்டே அளந்தார் என்று தோன்றுகிறது.

அளவுகோலோடு வருவதால் நேரும் இடர்ப்பாட்டை இன்று மிகுதியாக எதிர்கொள்பவர்கள் காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள். வட்டித் தொழிலுக்காகப் பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு இவர்களை மயங்குதல் கூடாது. சுல்தான்கள் காலத்தில் வந்து இந்நாட்டுப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டு மொழி மலாய்; பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும்; பெயர்களின் பின்னால் பிள்ளை, நாயக்கர், படையாட்சி என வரும். பொற்கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இவர்களது முயற்சி. முன்னோருக்கு ஆண்டில் இருமுறை 'பார்ச்சு' என்னும் படையல் இடுகின்றனர். வாழையிலையில் மலாய்ச் சமையல் பரிமாறப்படுகிறது.

இங்கு வரும் தமிழ் விருந்தினர், அவர் சென்னையிலிருந்து வந்தாலும் சிரம்பானிலிருந்து வந்தாலும், பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: 'தமிழராக இருந்தும் ஏன் தமிழ் தெரியவில்லை?' கேட்பவர் புன்னகையோடுதான் கேட்கிறார். ஆயினும் அது எள்ளலே. காஜா பெராங் மாரியம்மன் திருவிழாவுக்கு இவர்கள் 'டத்தோ சாச்சார்' விழா என்று பெயர் வைத்திருக்கின்றனர் என்று அறிந்ததும் அப்புன்னகை வெடித்துச் சிரிப்பாகிறது. 'சாச்சார்' என்றால் மலாயில் அம்மை நோய். 'டத்தோ' என்றால் பாட்டனார், மதிப்புக்குரிய பெரியவர். அம்மனைப் பாட்டனாராக்கிவிட்டார்களே என்பது விருந்தினரின் வியப்பு. ஆனால் நாம் என்ன செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடிய நோய் ஒன்றுக்கு 'அம்மை', அதாவது தாய், என்று பெயரிட்டவர்கள் நாம். அஞ்சத்தக்கதை உறவுமுறையால் அழைத்து அமைதிப்படுத்துவது தமிழ் மரபு. அம்மரபைச் செட்டிகள் மலாய்ச் சொல்லில் காத்து வருகின்றனர். மொழி போனாலும் மொழிக்குள் இருந்த எண்ணம் போகவில்லை.

சொற்களின் பயணத்திலும் இந்நகை உண்டு. தமிழகத்திலிருந்து வருபவர் மலாய்ப் பலகைகளில் 'கெடாய்' என்று படித்து, நம் 'கடை' சிதைந்துவிட்டதென்று நகைக்கிறார். கப்பல், கட்டில், பெட்டி, திரை, மீசை ஆகியவையும் அங்கே வேறு ஒலியோடு உலவுகின்றன. அவர் இரவல் வந்த சொல்லை எடுத்துக்காட்டும்போது நம் ஊரார் அவருடைய பேச்சில் உள்ள ஆங்கிலத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு செய்தி. ஆனால் ஒரு சொல்லின் வரலாறு நகைக்கத் தக்கதன்று. 'கெலிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்து, மலாக்காவில் தென்னிந்திய வணிகரைக் குறித்த பொதுச் சொல்லாக வழங்கியது. 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது இன்றும் அக்காலத்துப் பொருளோடு நிற்கிறது. தெருவில் ஒருவன் நம் பிள்ளையை நோக்கி எறியும்போது அதே சொல் வசையாகிவிடுகிறது. சொல் ஒன்றே, அதைப் பேசுபவன் நோக்கில் எள்ளல் புகுந்துவிட்டது. மாணவர் சுற்றுலாவில் அப்பள்ளிவாசலின் முன் சங்கடத்தோடு நடையை விரைவுபடுத்தும் ஆசிரியர்கள், அங்கேயே நின்று இதை விளக்கலாம்.

எள்ளப்பட்டவன் தானே நகுவதற்கு வருவோம். இதற்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு அயர்லாந்து; ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1814இல் பிறந்த நாடு. ஆங்கில நாடக மேடை நெடுங்காலம் அயர்லாந்துக்காரனை உளறும் குடிகாரனாகவே காட்டியது. அந்நாட்டினரோ தம்மீது சுமத்தப்பட்ட அவ்வேடத்தை எடுத்துத் தாமே ஆடிக்காட்டி, வந்தவனை மடையனாக்கக் கற்றுக்கொண்டனர். வழி கேட்ட பயணியிடம், 'அங்கே போவதாயிருந்தால் நான் இங்கிருந்து புறப்பட மாட்டேன்' என்று ஊரார் விடை சொன்னதாக வழங்கும் துணுக்கு பலரும் அறிந்தது.

மலாக்காத் தோட்டங்களில் இத்தகைய நகை செழித்தது. மலாயாவின் வணிக ரப்பர் வளர்ப்பே இம்மாநிலத்தில்தான் வேரூன்றியது: டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பின்னர் புக்கிட் அசகான் பெருந்தோட்டமாயிற்று. கங்காணிகள் அழைத்து வந்த தமிழர் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களில் லயங்களில் குடியேறினர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை அவ்வரவு தொடர்ந்தது. துரைமார் எழுத்தில் இவர்கள் சொன்னதைக் கேட்கும் பணிவான மக்கள். அத்துரைமாரும் வேலை வாங்கத் தமிழ் கற்க வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டத்துச் சின்னதுரைமார்க்கெனக் கொழும்பில் வெளிவந்த தமிழ்க் கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். ஏவலை மட்டும் கற்றவன் பாட்டியையும் 'வா' என்றுதான் அழைப்பான். அவனுக்கு முன்னால் வாய்பொத்தி நின்றவர்கள், மாலையில் லயத்து வாசலில் அவன் தமிழை அவன் குரலிலேயே பேசிக்காட்டுவார்கள். பணிவு என்று துரை எழுதி வைத்தது பெரட்டுக் களத்தோடு முடிந்துவிட்டது.

அந்நகைக்கென ஒரு மொழியும் உருவாயிற்று. மலாயின் 'கெத்தா' கித்தாவாகவும், 'மங்கோக்' மங்காகவும், 'கம்போங்' கம்பமாகவும் வந்தன. பால் சுமக்கும் காண்டா வாளி, ஒட்டுப்பால், கிராணி, தண்டல், ஆயாக் கொட்டகை என்று ஒரு தோட்டத்து நாள் முழுவதையும் இச்சொற்களால் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கிராணிக்கு உண்டானது கிராணியின் காதுக்கு மட்டும் எட்டாது. தமிழகத்திலிருந்து வந்த உறவினர் 'தீம்பாரு' எங்கே என்று தெரியாமல் விழித்தால், அன்று முழுதும் லயத்துக்குச் சிரிப்பு. இது பேதைமை பற்றிப் பிறந்த நகை. ஆனால் இறுதியில் அவருக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைக்கும், அதனோடு அவர் ஊராராகிவிடுவார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனையாயிற்று, மக்கள் செங், பாத்து பெரெண்டாம், புக்கிட் பாரு என நகர்ப்புறம் சேர்ந்தனர். இச்சொற்களைப் பேசிய இடமே இல்லாமற் போனதால், பாட்டன் சிரிக்கும் இடத்தில் பேரனுக்குச் சிரிப்பு வருவதில்லை. சொல்லின் பொருளைச் சொல்லிக்கொடுக்கலாம். அதில் என்ன நகை என்பதை அகராதி சொல்லாது. மாணவர்கள் பட்டப்பெயர்களையும் அவை பிறந்த காரணத்தையும் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்யும் ஒப்படைப்பை நாம் பரிந்துரைப்பது இதனால்தான். ஆண்டு முடிவுக்குக் காத்திராமல் இவ்விடுமுறையிலேயே தொடங்குதல் நன்று.

மாசி மகத்தன்று முருகன் தேர் நகரிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்லும்போது, முன்னாள் தோட்டத்தார் பலர் சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்து சேர்கின்றனர். தம் ஊருக்கே விருந்தினராகிவிட்ட இவர்கள், வழிபாடு முடிந்ததும் பழைய தோட்டத்தைப் பார்க்கப் புறப்படுவர். வழி கேட்பது பழைய முறையிலேயே: கள்ளுக்கடை தாண்டி, பால் கொட்டகைக்கு இடப்பக்கம். அக்கடையும் கொட்டகையும் இன்று இல்லை. வழியில் நிற்கும் இளைஞன் கைப்பேசியில் தேடுவான். தோட்டத்தின் பெயர் வாராது, இடம் மாறிய தமிழ்ப்பள்ளியின் பெயர் மட்டும் 'லாடாங்' என்னும் சொல்லோடு வரும். தோட்டம் பள்ளிக்கூடத்தில் போய்ப் படிக்கிறதாக்கும் என்று ஒரு பெரியவர் சொல்ல, உடன் வந்தவர்கள் சிரித்ததை நாம் கேட்டிருக்கிறோம். இளைஞனும் சற்றுப் பொறுத்துச் சிரித்தான்.